ஷிபானாவின் சிவப்பு கிளிப்

“கைய எடுங்க. முதல்ல மேல படிங்க.”

இதைச் சொல்லாமல் ஷிபானா எந்த வாடிக்கையாளரையும் மவுஸைத் தொட விட்டதில்லை. ‘மேல’ என்பது திரையின் உச்சியில் இணைய முகவரி தெரியும் பட்டை. பேனா மூடியால் ஒவ்வோர் எழுத்தாகத் தொட்டுக் காட்டுவார். நாம் வாய்விட்டுப் படிக்க வேண்டும். ஒரு புள்ளியை விழுங்கினாலும் மறுபடி முதலிலிருந்து. போன மாதம் நான் அவசரத்தில் நடுவிலிருந்த சின்னக் கோட்டை விட்டுவிட்டேன். “ஏன் சார், ஆபீசருக்கு லெட்டர் எழுதறப்போ இனிஷியல வுட்டுட்டுத்தான் எழுதுவீங்களா?” என்றார். எனக்குச் சுருக்கென்றது. இருந்தாலும் படித்தேன். படிக்காமல் அந்தக் கடையில் வேலை நடக்காது.

வில்லியனூர் ரயில்வே கேட்டை ஒட்டி, சைக்கிள் கடைக்கும் டீக்கடைக்கும் நடுவில் இருக்கிறது அந்த நெட் சென்டர். இரண்டு கணினி, ஒரு பிரிண்டர், ஒரு மின்விசிறி. மின்விசிறி பிரிண்டருக்குத்தான், நமக்கில்லை. ஷிபானாவுக்கு முப்பத்தேழு வயது. தலையில் சுற்றிய துப்பட்டாவின் நுனி இடது தோளில் வந்து விழும். கணவர் நூருல் அமீன் பெயிண்டுக் கடை வைத்திருக்கிறார். “எங்க வூட்ல பெல் அடிச்சாக்கூட யாருன்னு எழுத்துக்கூட்டிச் சொன்னாத்தான் சார் கதவு தொறக்கும்” என்று மனைவியின் எதிரிலேயே சொல்வார். அந்த அம்மாள் சிரிக்க மாட்டார். பேச்சு வாசல் கதவைப் பற்றியதாக இருந்தாலும் கதவு விஷயத்தில் அவருக்குச் சிரிப்பு வராது.

இணையத்தில் ஒரு பக்கத்தைப் பார்த்துக்கொண்டிருக்கும்போது அதன் மேலேயே குதித்து வந்து நிற்குமே இன்னொரு சின்னப் பக்கம், பாப்-அப் என்பார்கள். ஷிபானா அதை “எகிறி வர்றது” என்கிறார். அவருடைய இரண்டு கணினிகளிலும் எகிறி வருவது அத்தனைக்கும் தடை. ஆனால் நம் சர்ட்டிபிகேட், ஹால் டிக்கெட், சேர்க்கைக் கடிதம் எல்லாம் எப்படி வந்து தொலைகின்றன? எகிறித்தான். அதனால் ஒரு தளத்துக்கு மட்டும், அந்த வேலை முடியும் வரைக்கும் மட்டும் தடையை நீக்குவார். முடிந்ததும் செட்டிங்ஸுக்குள் போய் அந்தத் தளத்தின் பெயரை அனுமதிப் பட்டியலிலிருந்து எடுத்துவிடுவார். “விருந்தாளி சாப்ட்டு கெளம்பினப்புறமும் வாசல தொறந்து போட்டு வெப்பாங்களா?” என்பது அவர் கட்சி.

இதில் ஒரு விநோதம் உண்டு. ஒரு தளத்துக்கு அனுமதி கொடுத்த கையோடு, மேசை டிராயரிலிருந்து துணி காயப்போடும் பிளாஸ்டிக் கிளிப் ஒன்றை எடுத்துத் துப்பட்டா நுனியில் மாட்டிக்கொள்வார். வெயிலில் வெளுத்த சிவப்பு. அனுமதியைத் திரும்ப வாங்கினால்தான் கிளிப் டிராயருக்குப் போகும். கிளிப் தோளில் இருந்தால் எங்கோ ஒரு கதவு திறந்திருக்கிறது என்று அர்த்தம். யாராவது அதைத் தொட்டால் விரலிலேயே ஒன்று வைப்பார். பேப்பர் பறக்கிறதே என்று நான் ஒருநாள் எடுக்கப் போய் வாங்கியிருக்கிறேன்.

அந்தக் கிளிப் வந்த கதையை அவராகச் சொல்லவில்லை. டீக்கடையில் கேட்டேன். இரண்டு வருடத்துக்கு முன் ராஜ்மோகன் என்ற பையன் ஐடிஐ சேர்க்கைக்கு இங்கேதான் விண்ணப்பித்தான். எலெக்ட்ரீஷியன் படிப்பு, இடம் ஏறக்குறையக் கிடைத்த மாதிரி. அன்றைக்கு ஷிபானா எல்லாத் தளத்துக்கும் சேர்த்து அனுமதியைத் திறந்து வைத்திருந்தார். கூட்ட நாள், ஒவ்வொன்றாகத் திறந்து மூட யாருக்குப் பொறுமை? ‘உங்கள் நேரம் முடிந்தது, மீண்டும் உள்நுழையவும்’ என்று முத்திரையெல்லாம் போட்டு ஒன்று எகிறி வந்தது. பையன் பெயரும் பாஸ்வேர்டும் அடித்துக் கொடுத்தான். எங்கோ இருந்த எவனோ உள்ளே போய் போன் நம்பரையும் பாஸ்வேர்டையும் மாற்றிவிட்டான். ‘நான்தான் ராஜ்மோகன்’ என்று ராஜ்மோகன் நிரூபித்து முடிப்பதற்குள் சேர்க்கை முடிந்துவிட்டது. அவன் அம்மா தனக்கொடி, துணி உலர்த்திக்கொண்டிருந்தவர், விஷயம் கேட்டு அப்படியே கடைக்கு வந்திருக்கிறார். திட்டவில்லை. கையிலிருந்த கிளிப்பைத் திறந்து மூடி, திறந்து மூடி நின்றுவிட்டு, அதை மேசை மேல் வைத்துவிட்டுப் போய்விட்டார். திட்டியிருந்தால் ஷிபானாவுக்கு நன்றாக இருந்திருக்கும் என்றார் டீக்கடைக்காரர். எனக்கும் அப்படித்தான் தோன்றுகிறது.

ராஜ்மோகன் இப்போது திருவாண்டார்கோயில் பக்கம் ஒரு கம்பெனியில் கான்ட்ராக்ட் வேலைக்குப் போகிறான். கம்பெனி பஸ் சாயங்காலம் ரயில்வே கேட்டில் நிற்கும்போது ஜன்னலோரம் உட்கார்ந்திருப்பான். நெட் சென்டர் பக்கம் மட்டும் முகத்தைத் திருப்புவதில்லை.

சென்ற வியாழக்கிழமை நான் என் நிலப் பட்டாவின் நகல் எடுக்கப் போயிருந்தேன். மணி நாலேகால். எனக்கு முன்னால் அபிஷேகப்பாக்கத்துக் குடும்பம் ஒன்று பெஞ்சை நிறைத்து உட்கார்ந்திருந்தது. நெல் விவசாயி பச்சையப்பன், அவர் மகள் ஜெயசுதா, பச்சையப்பனின் அக்கா வேலம்மாள். ஜெயசுதாவுக்கு நர்சிங் கல்லூரியில் இடம் ஒதுக்கியிருந்தார்கள். ஐந்து மணிக்குள் உறுதி செய்யாவிட்டால் அடுத்த பெயருக்குப் போய்விடும். நடவு வேலையில் தேதியை மறந்து கடைசி நாளில் ஓடி வந்திருந்தார்கள். பெண்ணின் முகத்தில் ரத்தமே இல்லை.

வேலம்மாள் எதற்கு வந்தார் என்கிறீர்களா? கைராசிக்கு. இந்தப் பக்கத்தில் விண்ணப்பத்தின் கடைசிப் பொத்தானை யார் வேண்டுமானாலும் அமுக்கிவிட முடியாது. நாத்து முடிச்சை முதலில் எடுத்துக் கொடுக்க எப்படி ஒரு கை உண்டோ, அப்படி இதற்கும் ஒரு கை உண்டு. வேலம்மாள் கை வைத்த இரண்டு பேருக்கு வேலை கிடைத்திருக்கிறதாம். வெற்றிலைச் சாறு துடைத்த விரலைச் சேலையில் இன்னொரு முறை துடைத்துக்கொண்டு தயாராக இருந்தார்.

போட்டோவைச் சின்னதாக்க வேண்டியிருந்தது. அதற்கு ஷிபானா ஓர் இலவசத் தளம் வைத்திருக்கிறார். விளம்பரம் மண்டிய தளம். சுருக்கிய போட்டோவை அது எகிறித்தான் கொடுக்கும். அனுமதி கொடுத்தார், கிளிப் தோளுக்கு வந்தது, போட்டோவும் வந்தது. அதே நேரம் பக்கத்தில் பிரிண்டர் கரகரவென்று கத்தியது. என் பட்டா நகல் உள்ளே சுருண்டு மாட்டிக்கொண்டிருந்தது. “ஐயோ, கசங்காம ஒண்ணாவது எடுத்துக் குடும்மா” என்று நான் வேறு அவசரப்படுத்தினேன். இன்று நினைத்தாலும் என்னை நாலு அறை அறையலாம் போலிருக்கிறது. போட்டோவைக் கல்லூரித் தளத்தில் ஏற்றிவிட்டு, போட்டோத் தளத்தை மூடாமலேயே அவர் பிரிண்டருக்கு எழுந்து போனார்.

“அக்கா, எல்லாம் சரியா இருக்குது. உறுதி செய்ங்கற பட்டன் வந்துடுச்சி” என்றாள் ஜெயசுதா.

“மேல படிச்சியா?”

“படிச்சேன்க்கா.”

“அப்ப அத்தைய அமுக்கச் சொல்லு.”

வேலம்மாள் கண்ணை மூடி எதையோ முணுமுணுத்து அமுக்கினார். ஒன்றும் நடக்கவில்லை. இன்னொரு முறை அமுக்கினார். திரை கல்லு மாதிரி அப்படியே இருந்தது. மணி நாலரையைத் தாண்டிவிட்டது.

“இன்னாடி இது? எங்கைக்கு இன்னா ஆச்சி?” வேலம்மாள் விரலைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அந்த அம்மாளுக்கு மருமகளின் இடம் ஒரு பக்கம், தன் கையின் பெயர் ஒரு பக்கம்.

பட்டையின் வலது ஓரத்தில் ஒரு சின்னக் குறி முளைத்திருந்தது, ஒன்றை எகிறவிடாமல் தடுத்திருக்கிறேன் என்பதற்கு அடையாளம். கடிதத்தைக் கல்லூரித் தளம் புதுப் பக்கத்தில்தான் நீட்டும், தடை இருக்கிறது, அவ்வளவுதான். ஷிபானா பார்த்திருந்தால் ஒரு நிமிட வேலை. அவரோ பிரிண்டரின் வயிற்றுக்குள் முழங்கை வரை விட்டிருந்தார்.

“இரு அண்ணே, தோ வந்துட்டேன், யாரும் எதையும் தொடாதீங்க” என்றார் திரும்பாமலே.

பச்சையப்பன் கேட்கிற நிலையிலா இருந்தார்? “அட நவுருக்கா!” என்று மவுஸைப் பிடுங்கினார். பம்ப்செட் ஓடாவிட்டால் எல்லாவற்றையும் ஒரு தட்டுத் தட்டிப் பார்ப்பாரே, அதே வேகத்தில் இங்கே ஒன்று அங்கே ஒன்று என்று அமுக்கினார். ஓர் அமுக்கு, பின்னால் திறந்தே கிடந்த போட்டோத் தளத்தின் மேல் விழுந்தது. பளிச்சென்று ஒன்று எகிறி வந்து நடுத்திரையில் உட்கார்ந்தது.

“தோ! வந்துடுச்சி பாரு! கைய வெச்சா நடக்கணும்!” என்றார் பச்சையப்பன். வேலம்மாள் கும்பிட்டார்.

ஜெயசுதா வாய்விட்டுப் படித்தாள். “உங்கள் நேரம் முடிந்தது. மீண்டும் உள்நுழையவும்.” அவள் விரல்கள் விசைப்பலகைக்குப் போய்விட்டன. ஓர் எழுத்து, இரண்டு எழுத்து.

பிரிண்டரிடம் குனிந்திருந்த ஷிபானா தலையை நிமிர்த்தவில்லை. அவர் பார்வை தன் இடது தோளுக்குப் போனதை நான் பார்த்தேன். கிளிப் தொங்கிக்கொண்டிருந்தது. அவ்வளவுதான், காகிதத்தை விட்டுவிட்டுப் பாய்ந்து வந்து பெண்ணின் மணிக்கட்டைப் பிடித்தார். பிடித்த வேகத்தில் ஜெயசுதா “ஆ” என்று கத்திவிட்டாள்.

“அடிச்சிட்டியா? சொல்லுடி, எண்டர் அடிச்சிட்டியா?”

“இ… இல்லக்கா. பேரு பாதிதான். பாஸ்வேர்டு அடிக்கல.”

“ஏம்மா, பொண்ணு கைய ஒடிச்சிடுவ போலகீது! மணி இன்னா ஆவுது பாரு!” பச்சையப்பன் எழுந்து நின்றுவிட்டார். “பாஸ்வேர்டு அடிச்சா உள்ள போவுதுன்னு எழுதிகீதில்ல? எல்லாத்தையும் தொறந்து வுட்டுட்டுப் போயேன், இன்னாத்துக்கு நோண்டிக்கினுகீற?”

“தொறந்து வுட்டதாலதான் அண்ணே இது வந்துது.” ஷிபானா திரையின் உச்சியைக் காட்டினார். “இது காலேஜில்ல. மேல படிங்க. நீங்களே படிங்க.”

பச்சையப்பன் படிக்கவில்லை. ஜெயசுதா படித்தாள். கல்லூரியின் பெயரே அதில் இல்லை. எண்ணும் எழுத்துமாக ஏதோ கிறுக்கல். அவள் கை தானாக விசைப்பலகையை விட்டு விலகியது.

எகிறி வந்ததன் மூலையில் மூடுவதற்கென்று பெருக்கல் குறி ஒன்று இருந்தது. நான் கை நீட்டினேன். “சார்! அது அந்தத் திருட்டுப் பய வரைஞ்சது, அத்த அமுக்கினா இன்னொண்ணு வரும்” என்று என் கையையும் தட்டிவிட்டார். விசைப்பலகையில் இரண்டு விசையைச் சேர்த்து அழுத்தினார், அது போயிற்று. போட்டோத் தளத்தை மூடினார். செட்டிங்ஸ், பட்டியல், அந்தத் தளத்தின் பெயர், நீக்கு. தோளிலிருந்து கிளிப்பைப் பிடுங்கி மேசையில் வைத்தார். மணி நாலே முக்கால்.

பிறகுதான் கல்லூரித் தளத்துக்கு வந்தார். நான் கடிகாரத்தையே பார்த்துக்கொண்டிருக்கிறேன், அவர் என்னடாவென்றால் பேனா மூடியை எடுத்து முகவரியை ஒவ்வோர் எழுத்தாகப் படிக்க வைக்கிறார்! ஜெயசுதா அழுதுகொண்டே படித்தாள். முடித்ததும் ஓரத்துக் குறியை அமுக்கி, இந்தத் தளத்துக்கு மட்டும் அனுமதி என்று கொடுத்து, கிளிப்பை மறுபடி தோளில் மாட்டிக்கொண்டார்.

“யக்கா, இப்ப அமுக்கு.”

வேலம்மாள் கையைப் பின்னால் கட்டிக்கொண்டார். “வேணாம்மா. எங்கை சரியில்ல. நீயே அமுக்கு.”

“உன் கை நல்லாத்தான் இருந்துது. நான்தான் கதவ சாத்தி வெச்சிருந்தேன். அமுக்குக்கா.”

வேலம்மாள் அமுக்கினார். ஒரு மூச்சு இழுத்துவிடும் நேரம். பிறகு வெள்ளையாக ஒரு பக்கம் வந்தது. ஜெயசுதாவின் பெயர், படம், ‘இடம் உறுதி செய்யப்பட்டது’. மணி நாலு ஐம்பத்திரண்டு. பச்சையப்பன் பெஞ்சில் உட்கார்ந்து துண்டால் முகத்தை மூடிக்கொண்டார். எனக்கும் கண் கலங்கிவிட்டது, சொல்வதில் என்ன வெட்கம்?

ஷிபானாவுக்கு வேலை முடியவில்லை. பாதிப் பெயர்தான் அடித்தாள் என்றாலும் ஜெயசுதாவை அப்போதே பாஸ்வேர்டை மாற்ற வைத்தார். கல்லூரித் தளத்தின் அனுமதியை நீக்கினார். பட்டியல் காலி. கிளிப்பைக் கழற்றி மேசையில் வைத்துவிட்டு, பிரிண்டரில் மாட்டியிருந்த என் காகிதத்தைக் கிழித்தெடுத்துக் கடிதத்தை அச்சிட்டுக் கொடுத்தார். இரண்டு தாள். “நீ மட்டும் இல்லன்னா…” என்று ஆரம்பித்துவிட்டு, காசு எடுக்க மடியைத் துழாவினார் பச்சையப்பன்.

தாள்கள் மின்விசிறிக் காற்றில் பறந்தன. வேலம்மாள் மேசையிலிருந்த கிளிப்பை எடுத்து இரண்டையும் சேர்த்துக் கவ்வவிட்டார். ஷிபானா இந்த முறை விரலில் வைக்கவில்லை. பொறுமையாக அதைத் தாளிலிருந்து கழற்றிவிட்டு ஒரு குண்டூசி குத்திக் கொடுத்தார்.

வெளியே ரயில்வே கேட் மணி அடித்தது. கம்பெனி பஸ் கடைக்கு எதிரில் வந்து நின்றது. ஜன்னலோரத்தில் ராஜ்மோகன் மறுபக்கம் பார்த்து உட்கார்ந்திருந்தான்.

“அதான் எல்லாத்தையும் சாத்திட்டியேம்மா” என்றார் வேலம்மாள், கிளிப்போடு தோளுக்குப் போன ஷிபானாவின் கையைப் பார்த்தபடி.

ஷிபானா பஸ்ஸைப் பார்த்துக்கொண்டே கிளிப்பைத் துப்பட்டா நுனியில் மாட்டிக்கொண்டார்.