கொக்குகள் அடையாத மாலை

பின்னாளில் புள்ளியியல் என்கிற, இப்படிக் கோடு போடும் படிப்பிலேயே பட்டம் வாங்கியவன் நான். என் முதல் கோடு பொய் என்பதை அத்தை மகனிடம் அவன் உயிரோடு இருந்தபோதே நான் சொல்லியிருக்க வேண்டும்.

ராஜபாளையத்தில் இருவரும் ஒரே வகுப்பு. சேத்தூர் போகும் சாலையோரக் கண்மாயில் தினமும் எத்தனை கொக்குகள் அடைகின்றன என்று எண்ணி, மாலைக்கு ஒரு புள்ளியாக கிராஃப் தாளில் வைத்து, புள்ளிகளைக் கோட்டால் சேர்க்கச் சொன்னார் அறிவியல் சார். நன்றாகச் செய்கிறவனை ஸ்ரீவில்லிபுத்தூர் கண்காட்சிக்குக் கூட்டிப்போவாராம். அத்தை மகன் அதற்காகவே ஒரு சட்டையை இஸ்திரி போட்டு எடுத்து வைத்தான்.

அவன் தினமும் கரையில் போய் உட்கார்ந்தான். நான் சில நாள் போனேன். கொக்குகள் கூடிக்கொண்டே வந்தன. கோடு ஏறும் என்பது தெரிந்துவிட்டது. பிறகு எதற்குப் போவது? மீதியை வீட்டிலேயே ஸ்கேல் வைத்து ஏற்றிவிட்டேன்.

அவன் கோடு ஓரிடத்தில் அடிவரை இறங்கி மறுபடி ஏறியிருந்தது.

"என்னலே இது, குழி?" என்றார் சார்.

"அன்னிக்கு ஒண்ணுகூட அடையல சார்."

"அடையாம எங்க போச்சு, பழனிக்கா?"

வகுப்பு சிரித்தது. சார் என்னிடம் திரும்பினார். "நீயும் அதே கண்மாய்தான? அன்னிக்கு இருந்துச்சா?"

எனக்குத் தெரியும். அன்று ஊருக்கு அந்தப் பக்கம் அம்மன் கோயில் பொங்கல். வேட்டு பார்க்கப் போயிருந்தேன். வயல்களிலிருந்து திரும்பிக்கொண்டிருந்த கொக்குகள் வேட்டுச் சத்தத்தில் கலைந்து மலைப் பக்கம் போனதைக் கண்ணால் பார்த்தேன். ஆனால் என் தாளில் அன்றைய புள்ளி உயரத்தில் இருந்தது.

"இருந்துச்சு சார்."

ஸ்ரீவில்லிபுத்தூருக்கு நான்தான் போனேன். என் கோட்டின் நேர்த்தியை வந்தவர்கள் எல்லாம் மெச்சினார்கள். திரும்பும்போது அவனுக்குப் பால்கோவா வாங்கிவந்தேன். காகிதத்தை வழித்துத் தின்றுவிட்டு, கோபமே இல்லாமல் கேட்டான்.

"மாப்ள, நெசமாவே அன்னிக்கு வந்து அடஞ்சுச்சா?"

"அடஞ்சுச்சுலே. நீ இன்னும் செத்த நேரம் இருந்து பாத்திருக்கணும்."

"அப்ப நாந்தான் சரியாப் பாக்கல போல."

மறுநாளிலிருந்து அவன் கண்மாய்ப் பக்கம் போகவில்லை. சாயங்காலம் கோலி விளையாட ஆள் கிடைத்ததே என்று எனக்கு ஒரே சந்தோஷம்.