எட்டு நாள் ஊருக்குப் போனவள்

எங்கள் தெருவில் பூ விற்கும் புட்டம்மா மாதத்துக்கு ஒரு முறை என்னிடம் ஒரே கேள்வியைக் கேட்பார். "ஊரிகெ ஹோகித்ரா அம்மா?" ஊருக்குப் போயிருந்தீர்களா என்று அர்த்தம். "ஹௌது" என்பேன், ஆமாம் என்று. சேலத்தை விட்டு மைசூர் ரயில்வே குவார்ட்டர்ஸுக்கு வந்த ஆறு வருடத்தில் நான் தடுமாறாமல் சொல்லப் பழகிய கன்னடம் அந்தப் பொய் ஒன்றுதான். மாதவிலக்கு நாட்களில் நான் பூ வாங்குவதில்லை. முதலில் மூன்று நாளாக இருந்தது, பிறகு வலியில் வாசலுக்கு வர முடியாமல் ஏழெட்டு நாளாகிவிட்டது. கதவுக்குப் பின்னால் பாயில் குப்புறக் கிடப்பேன். புட்டம்மாவின் குரல் வாசலைத் தாண்டிப் போகும். அவரைப் பொறுத்தவரை அந்த நாட்களில் நான் சேலத்தில் இருந்தேன்.

மாநிலத்துக்குக் கர்நாடகம் என்று பெயர் வைத்துப் பத்துப் பதினைந்து வருடம் ஆகியிருந்த காலம் அது. ஸ்கேன் என்ற சொல் எங்களுக்குப் புதிது. தீபாவளிக்குச் சேலம் போனபோது அம்மா என்னை அங்கே ஒரு டாக்டரிடம் அழைத்துப் போனாள். வயிறு முட்டத் தண்ணீர் குடிக்கவைத்து ஸ்கேன் எடுத்தார்கள். இடது சினைப்பையில் கட்டி என்று வந்தது. வயிற்றைத் திறந்து அந்தச் சினைப்பையையே எடுத்துவிடலாம் என்றார் டாக்டர். எனக்குக் குழந்தை இல்லை. யோசித்துச் சொல்கிறோம் என்று ரயிலேறிவிட்டேன்.

ஜாதகத்தை இரண்டாவது ஜோசியரிடம் கொண்டுபோனால், முதல் ஜோசியர் சொன்னதை மூச்சுவிடக் கூடாது என்பது எங்கள் வீட்டு வழக்கம். சொல்லிவிட்டால் இவரும் அதையே திருப்பிச் சொல்வாராம். மைசூரில் வேறொரு டாக்டரைப் பார்க்கப் போனபோது என் கணவர் சேலத்து ஸ்கேன் படத்தை பீரோவில் வைத்துப் பூட்டினார். நானும் வாய் திறக்கவில்லை. போதாததற்கு, தலைக்குக் குளித்து, வலி ஓய்ந்த பிறகே ஆஸ்பத்திரி வாசலை மிதித்தேன். தீட்டோடு போய்ப் படுப்பது எப்படி? ஸ்கேனில் எல்லாம் நார்மல் என்று வந்தது. வலி மாத்திரை எழுதிக் கொடுத்தார்கள்.

"அதான் ஒண்ணுமில்லன்னு வந்துடுச்சே. சும்மா மனசப் போட்டுக் குழப்பிக்காத" என்றார் கணவர். இங்கே இருப்பது புது மெஷின் என்பது அவர் கட்சி. அம்மாவோ, நம் ஊரில் பார்த்ததுதான் சரி, அந்த ஊர்க்காரர்களுக்கு என்ன தெரியும் என்று கடிதம் எழுதினாள். என் வயிற்றை வைத்து இரண்டு ஊர்கள் வழக்காடின. எனக்குக் கோபமோ அழுகையோ வரவில்லை. மரத்துப்போயிருந்தேன். வலி வரும் நாட்களில், இது நிஜமா, நானாக வரவழைத்துக்கொள்வதா என்று எனக்கே சந்தேகம் வந்தது. அதுதான் எல்லாவற்றையும்விடக் கேவலமாக இருந்தது.

அடுத்த மாதம் புட்டம்மா பூவை அளந்துகொண்டே, "ஈ சல எண்ட்டு தின" என்றார். இந்த முறை எட்டு நாளாம். நான் எண்ணாததை அவர் எண்ணியிருக்கிறார். அந்த வாரமே பீரோவைத் திறந்து இரண்டு படங்களையும் எடுத்துக்கொண்டு, பெரிய ஆஸ்பத்திரியில் ஒரு டாக்டரம்மாவிடம் போனேன். கணவரும் கூட வந்தார்.

"எஷ்டு தின நோவு?" எத்தனை நாள் வலி என்று கேட்டார் டாக்டரம்மா.

"மூணு நாள்தான் டாக்டர், எல்லாருக்கும் போல" என்றார் கணவர்.

"எட்டு நாள்" என்றேன்.

கணவர் திரும்பிப் பார்த்தார். டாக்டரம்மா இரண்டு படங்களையும் விளக்குப் பலகையில் பக்கத்தில் பக்கத்தில் மாட்டினார். "எரடூ ஒட்டிகெ யாக்கெ தோரிஸ்லில்லா?" இரண்டையும் ஏன் ஒன்றாகக் காட்டவில்லை என்றார். ஜோசியர் கதையை அவரிடம் எப்படிச் சொல்வது? பிறகு அவர் எனக்காக நிதானமாகச் சொன்னார். சேலத்தில் தெரிந்தது தானாகக் கரைகிற கட்டியாக இருந்திருக்கலாம், மைசூரில் கண்ணுக்குத் தப்பியும் இருக்கலாம். ஸ்கேன் சுத்தமாக இருந்தால் வலி பொய் என்று ஆகாது. உள்ளே பார்த்தால்தான் தெரியும்.

தொப்புளருகே சிறு துளை போட்டு, விளக்கு வைத்த குழாயை விட்டுப் பார்த்தார்கள். இடது பக்கம் சிறிய கட்டி இருந்தது. கர்ப்பப்பைக்குப் பின்னால், எந்த ஸ்கேனிலும் தெரியாத கருந்திட்டுகளும் இருந்தன. எண்டோமெட்ரியோசிஸ் என்று எழுதிக் கொடுத்தார் டாக்டரம்மா. எடுக்க முடிந்ததை எடுத்தாயிற்று, மறுபடியும் வரலாம், சினைப்பை தப்பியது என்றார். கர்ப்பப்பைக்குள் இருக்க வேண்டிய சவ்வு போன்ற ஒன்று வெளியே போய் ஒட்டிக்கொள்கிறதாம். எங்கே போய் ஒட்டினாலும், கர்ப்பப்பையின் தேதிக்கே அங்கேயும் ரத்தம் கசியுமாம். கணவர் ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தார். குவார்ட்டர்ஸ் திரும்பியதும் கதவைத் திறந்துவிட்டு, "எட்டு நாளா?" என்று மட்டும் கேட்டார்.

நம் மெஷின் தப்பாது என்று அம்மா எழுதினாள். மைசூரில்தானே கண்டுபிடித்தார்கள் என்று கணவர் பதில் போட்டார். அதற்கடுத்த மாதம் வலி குறைவாகத்தான் இருந்தது, ஆனாலும் வந்தது. ஐந்தாம் நாள் வாசலுக்கு வந்தபோது புட்டம்மா கூடையை இறக்கினார்.

"ஊரிகெ ஹோகித்ரா அம்மா?"

"இல்லா" என்றேன். "இல்லே இத்தே." இங்கேயேதான் இருந்தேன்.

அவர் திறந்திருந்த கதவையும், உள்ளே விரித்திருந்த பாயையும் பார்த்தார். பிறகு பூவை அளக்க ஆரம்பித்தார்.