ராணுவத்துக்குச் சிரிக்கக் கற்றுக்கொடுத்த கதை

என் நாத்தனாரை வீட்டில் எல்லோரும் ராணுவம் என்றுதான் சொல்லுவோம். பெயர் வைத்தது என் வீட்டுக்காரர். சின்ன வயதிலிருந்து தங்கையிடம் அடிவாங்கிய அண்ணன் என்பதால் அவருக்கு அந்த உரிமை உண்டு. கல்யாணமே வேண்டாம் என்று சொல்லிவிட்டு பஸ் நிலையத்தில் டிக்கெட் கொடுக்கும் ஜன்னலுக்குப் பின்னால் உட்கார்ந்தவள் அவள். வரிசையில் முந்துகிறவர் யாராக இருந்தாலும் கடைசிக்கு அனுப்பிவிடுவாள். ஒரு நாள் அப்படி அனுப்பப்பட்டவர் அந்த நிலையத்துக்கே மேலதிகாரி. மறுநாள் ஜன்னலில் வேறு முகம்.

"மேலதிகாரின்னு நெத்தியில ஒட்டியிருந்தானா?" என்று கேட்டாள். ஒட்டியிருந்தாலும் அனுப்பியிருப்பாள்.

அவள் குடியிருந்ததும் நிலையத்து அறைதான். அதுவும் போயிற்று. எங்கள் முன்னறையில், தையல் மெஷினுக்கும் துணி மூட்டைக்கும் நடுவே, மடக்குக் கட்டிலைப் போட்டுப் படுத்தாள். என் பெண்களுக்கு ஒரே கொண்டாட்டம். அவளுக்குத்தான் இருப்புக் கொள்ளவில்லை. சலவைக் கடை மாடியில் ஓர் அறை பார்த்து வைத்திருந்தாள். "வேலை கிடைச்சா வா, தர்றேன். மாசக் கடைசி வரைக்கும்தான் பார்ப்பேன்" என்று அறைக்குச் சொந்தக்காரம்மா கறாராகச் சொல்லியிருந்தாள்.

"உன்னை இங்க யாராவது போகச் சொன்னாங்களா?" என்றேன்.

"நீங்க தங்கம் அண்ணி. ஆனா குளிக்கப் போகக்கூட அண்ணன்கிட்ட டோக்கன் வாங்கணும் போலிருக்கு. எனக்குன்னு ஒரு இடம் வேணும்."

நான் பாரத்தைக் கடவுளிடம் போட்டேன்.

"கடவுள்கிட்ட சொன்னீங்களே, பதில் வந்துச்சா? இல்ல அங்கயும் வரிசையா?" என்று இரண்டு நாள் கழித்துக் கேட்டாள்.

"வரிசைதான். முந்தாம நில்லு" என்றேன்.

நூலக மாடியில் ஓர் ஆலோசகர் இருப்பதாக என் பெரிய பெண் சொன்னாள். யாருக்கு எந்த வேலை பொருந்தும் என்று பேசிப் பார்த்து, பழக்கி, வேலைக்கு அனுப்புகிறவர். சண்டை வந்தால் விலக்கிவிட ஆள் வேண்டுமே என்று நானும் கூடப் போனேன். பூனைக் குரலில் பேசும் ஒல்லியான மனிதர்.

"மேடம், உங்க பலம் என்னன்னு நினைக்கிறீங்க?"

"அந்த பீரோவைத் தள்ளிக் காட்டவா தம்பி?"

"அது இல்ல மேடம். உங்களுக்கு உள்ள என்ன இருக்கு?"

"பித்தப்பையில கல் இருக்கு."

மனிதர் கோபப்படவில்லை. விழுந்து விழுந்து சிரித்தார். அதிலேயே அவள் பாதி அடங்கிவிட்டாள்.

அவர் ஒரு பயிற்சி வைத்திருந்தார். அவர் முதலாளி மாதிரி உட்காருவார். இவள் கதவைத் தட்டி, உள்ளே வந்து, சிரிக்க வேண்டும். எதிர்த்துப் பேசக் கூடாது. எதைக் கேட்டாலும் இதமாகப் பதில் சொல்ல வேண்டும். முதல் நாள் அவள் சிரித்தது பல் பிடுங்கப் போன ஆள் மாதிரி இருந்தது. அவர் விடவில்லை. தேநீர் ஆறிப்போக ஆறிப்போக, திரும்பத் திரும்பக் கதவைத் தட்டச் சொன்னார். அவளும் விடவில்லை. வீட்டில் கண்ணாடி முன் நின்று பழகினாள். என் சின்னப் பெண் போர்வைக்குள் புகுந்துகொண்டு, "அத்தை, தயவுசெஞ்சு கோபமாவே இருங்க" என்று கெஞ்சினாள்.

மாசக் கடைசி நெருங்கும்போது பெரிய பாத்திரக் கடை ஒன்றிலிருந்து அழைப்பு வந்தது. வாங்கிய சாமானைத் திருப்பிக் கொடுக்க வருகிறவர்களைக் கவனிக்கும் வேலை. ஆலோசகரும் வந்தார். அவரும் நானும் வெளியே பெஞ்சில் உட்கார்ந்தோம். கதவு ஒருக்களித்திருந்தது. என் உதடு பிரார்த்தனையில், காது உள்ளே.

"ஒரு வருஷம் உபயோகிச்ச வாளியைத் திருப்பிக் கொண்டுவந்தா என்ன பண்ணுவீங்க?" என்றார் முதலாளி.

"மன்னிப்புக் கேட்டு, புது வாளி கொடுப்பேன் சார்." தேன் ஒழுகியது. இது யார் குரல் என்று எனக்கே சந்தேகம்.

"அதையும் உடைச்சுக் கொண்டுவந்தா?"

"சிரிச்ச முகமா இன்னொண்ணு கொடுப்பேன் சார்."

"முன்னாடி இருந்த பொண்ணும் இதைத்தான் செஞ்சுச்சு. ஊர்ல இருக்கிற ஓட்டை வாளியெல்லாம் இப்ப என் கிடங்குலதான் கிடக்கு. நீங்க போகலாம்மா."

முதலாளி வெளியே வந்து ஆலோசகரைப் பிடித்துக்கொண்டார். "ஏன்யா, வெண்ணெயில செஞ்ச ஆளாவே பார்த்து அனுப்புறியே, எங்கதான் பிடிக்கிற? ஒண்ணுக்கும் உதவாத ஆளுய்யா நீ!"

முதலாளிக்குப் பின்னால் வந்து நின்றவள் முகத்தில் அந்தச் சிரிப்பு இல்லை. கடவுளே, இனி உன் பாடு என்று நான் கண்ணை மூடிக்கொண்டேன்.

"யாரை ஒண்ணுக்கும் உதவாதவன்னு சொல்றீங்க? என்ன மாதிரி ஆள் வேணும்னு இவர்கிட்ட கேட்டீங்க?"

"அது... நல்லா இதமாப் பேசுற ஆள்னு..."

"இதமாக் கேட்டீங்க, இதமா வந்தேன். என்னைச் சிரிக்க வைக்க இந்த மனுஷன் பட்ட பாடு உங்களுக்குத் தெரியுமா? வேலை கொடுக்காட்டிப் போங்க. இவர்கிட்ட மன்னிப்புக் கேட்டுட்டுப் போங்க."

முதலாளி என்னைப் பார்த்தார். "கேட்டுடுங்கய்யா. அதுதான் சீக்கிரம் முடியும்" என்றேன்.

கேட்டுவிட்டார். பிறகு ஆலோசகரைத் தனியே இழுத்து, "இவங்க எப்பவும் இப்படியா?" என்று கேட்டது எங்கள் காதில் விழுந்தது.

"எப்பவுமே சார். நடுவுல நான்தான் கெடுத்துட்டேன்."

"நாளைக்கே வரச் சொல்லுய்யா."

அன்று மாலையே சலவைக் கடை மாடியேறினோம். ஒரு ஜன்னல், ஒரு அலமாரி, சோப்பு வாசம். அவள் முன்னால் போனாள். மூட்டையோடு நான் படியேறி முடிப்பதற்குள் கதவைச் சாத்தித் தாழ்ப்பாளும் போட்டுவிட்டாள். நானும் தட்டவில்லை.

கொஞ்ச நேரம் கழித்து உள்ளேயிருந்து குரல் வந்தது. "அண்ணி, போயிட்டீங்களா?"

"எப்படிடீ போவேன்? உன் தலையணை என் கையில இருக்கு."

"கொஞ்சம் இருங்க. இன்னொரு தடவை பூட்டிப் பார்த்துக்கிறேன்."