நசீமா அக்காவின் பென்டிரைவ்

போன வாரம் மேசை இழுப்பறையைக் குடைந்தபோது சிவப்பு நூல் கட்டிய பென்டிரைவ் ஒன்று கையில் மாட்டியது. மடிக்கணினியில் செருகியதும், 'ஃபார்மட் செய்யட்டுமா?' என்று திரை கேட்டது. ஐயோ, அந்தக் கேள்வியா! குப்பென்று வியர்த்து, உடனே சிரிப்பும் வந்துவிட்டது. கூடவே தோல் வாசனையும் பசை வாசனையும்.

நசீமா அக்காவின் கைப்பைப் பட்டறை வாசனை அது. எத்தனை துவைத்தாலும் சட்டையை விட்டுப் போகாது. எங்கள் வீடு இருந்த கருவடிக்குப்பத்தில் நான் தெருமுனை திரும்பும்போதே அம்மா மூக்கைப் பிடித்துக்கொள்வார். அக்கா பைகளுக்கு வடிவம் சொல்வார்; நான் கம்ப்யூட்டரில் வரைவேன். ஒருமுறை எங்கள் புதுப் பை கடைக்குப் போகும் முன்பே சண்டே மார்க்கெட்டில் தொங்கியது. யாரோ அதன் வடிவத்தைப் பென்டிரைவில் நகல் எடுத்துவிட்டார்கள். அன்றைக்கு அக்காவுக்கு வந்த கோபம் இருக்கிறதே!

"தம்பி, இந்த பென்டிரைவுக்குப் பூட்டு கீட்டு எதனா இருக்கா?"

"இருக்குக்கா. பாஸ்வேர்டு இல்லாம ஒண்ணும் தெரியாது."

"அப்ப போடு. கம்ப்யூட்டர்ல இருக்கறத அழிச்சிடு."

"இன்னொரு காப்பியாவது வச்சிக்கலாமேக்கா..."

"ரெண்டு இருந்தா ரெண்டு திருடன் வருவான்."

என்னை வெளியே நிறுத்திவிட்டு பாஸ்வேர்டை அவரே அடித்தார்.

அப்போதுதான் பாரிஸிலிருந்து ஒருவர் ஆர்டர் தர வருவதாக இருந்தது. அது கிடைக்காவிட்டால் பட்டறையை மூட வேண்டியதுதான். அவருக்கான புது வடிவங்கள் எல்லாம் அந்த ஒரே பென்டிரைவில். மாதிரிப் பைகளை வெட்டக் கொடுப்பதற்காக அக்கா அதை எடுத்துக்கொண்டு அரியாங்குப்பத்துத் தையல்கூடத்துக்கு டவுன் பஸ் ஏறினார். ஊருக்கெல்லாம் ஜிப் வைத்துப் பை தைப்பவர், தன் பைக்கு மட்டும் ஜிப் வைக்காமலே விட்டிருந்தார்!

"தம்பி, பென்டிரைவக் காணம்பா. பஸ்ஸுலதான் உழுந்திருக்கும்." போனில் அலறினார் அக்கா.

வண்டியை விரட்டினேன். அந்த பஸ் திரும்பி வந்து பஸ் ஸ்டாண்டில் நின்றது.

"செவப்பு நூல் கட்னதா?" என்றார் கண்டக்டர். "பஸ் பாட்டு செட்டுல போட்டேன், ஒரு பாட்டும் வரல. காலின்னு நெனச்சி பாட்டு ஏத்தச் சொல்லி எதிர் கடைல குடுத்திருக்கேன்."

எதிர் கடைக்கு ஓடினேன். பூட்டிய பென்டிரைவ் மற்ற கணினிகளுக்கு வெறும் காலி. ஃபார்மட் செய்யட்டுமா என்றுதான் கேட்கும். சரி என்று ஒரு தட்டு தட்டினால் அத்தனையும் போச்சு. திருடனுக்குப் பயந்து பூட்டினோமே தவிர, பாட்டு ஏற்றுகிறவரை யார் நினைத்தது?

"அண்ணே, கைய எடுங்க!" நான் போட்ட சத்தத்தில் கடைக்காரர் இரண்டு கையையும் மேலே தூக்கிவிட்டார். திரையில் அதே கேள்வி. இன்னும் தட்டவில்லை!

பின்னாலேயே வந்த கண்டக்டர் விடவில்லை. "உங்களுதுன்னு எப்புடி நம்புறது? தொறந்து காட்டுங்க."

நியாயம்தானே. பூட்டுத் திறக்கும் மென்பொருளை அந்தக் கணினியிலேயே இறக்கினேன். அதற்குள் அக்கா ஆட்டோவில் வந்து இறங்கினார். "எல்லாரும் அந்தாண்ட திரும்புங்க" என்றார். கண்டக்டர், கடைக்காரர், பாட்டு வாங்க வந்தவர்கள், நான் எல்லோரும் சுவரைப் பார்த்து நின்றோம். துப்பட்டாவால் கீபோர்டை மூடிக்கொண்டு அக்கா தட்டும் சத்தம் மட்டும் கேட்டது. ஊரார் கணினியில் பாஸ்வேர்டு அடித்ததைக் கேட்டால் இன்றைய பாதுகாப்பு நிபுணர்கள் தலையில் அடித்துக்கொள்வார்கள்.

"வந்துடுச்சுப்பா!"

திரும்பினால் திரை முழுக்கப் பைகள். கடையே கைதட்டியது. கண்டக்டர் மட்டும், "ஒரு பாட்டுகூட இல்லியா?" என்று கேட்டார். பிறகு பாரிஸ் ஆர்டர் கிடைத்த சந்தோஷத்தில் அக்கா அவருக்கு வேறொரு பென்டிரைவ் நிறையப் பாட்டு ஏற்றிக் கொடுத்தார்.

இப்போது பாட்டு ஏற்றும் கடைகளே இல்லை. பஸ்ஸில் அவரவர் காதில் அவரவர் பாட்டு. வயதாகிப் பட்டறையை மூடிய அன்று, "நம்ம பையெல்லாம் இதுலதான் இருக்கு, நீயே வச்சிக்க தம்பி" என்று அக்கா இதை என் கையில் வைத்தார். பாஸ்வேர்டை அப்போதும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. போன வருடம் அக்கா போய்விட்டார். அப்போதே அவர் மகளும் நானும் தோன்றிய பெயரையெல்லாம் அடித்துப் பார்த்துவிட்டோம்; திறக்கவில்லை.

திரை இன்னும் அதே கேள்வியோடு காத்திருந்தது. 'வேண்டாம்' என்று தட்டினேன். அன்றைக்குச் சுவரைப் பார்த்து நின்றபோது, ஓரக்கண்ணாலாவது கொஞ்சம் பார்த்திருக்கலாம்.