தொழிலதிபர் யாருங்க?

நான் வேலை பார்க்கும் பள்ளிபாளையம் அச்சகத்துக்கு இன்று ஒரு தம்பதி, மகளின் கல்யாணப் பத்திரிகை அடிக்க வந்தார்கள்.

எங்கள் பக்கம் பத்திரிகையில் மில் வைத்திருப்பவரும் தொழிலதிபர், நாலு தறி வைத்திருப்பவரும் தொழிலதிபர். தங்களுக்குத் தறிப்பட்டறை என்றதும் கணவர் பெயருக்குக் கீழே 'தொழிலதிபர்' என்றே அடித்தேன்.

மனைவி திரையைப் பார்த்தார். "ஏனுங்க, நீங்க லாரி ஆபீசுக்குப் போறீங்க. பட்டறையப் பாக்கறது நானு. அப்ப அதிபர் யாருங்க?"

"பொம்பளைக்குப் போட்டா சனம் சிரிக்கும்" என்றார் அவர்.

"சிரிச்சுட்டே பந்தியில உக்காரட்டும்."

அவர் யோசித்துவிட்டு என்னிடம், "அவ பேருக்கே மாத்தீரு சாமி" என்றார். மாற்றியதும் முகம் வாடிவிட்டது. "என் பேரு மட்டும் மொட்டையா நிக்குதே."

அம்மாக்களின் பெயர் எல்லாப் பத்திரிகையிலும் அப்படித்தான் நிற்கிறது என்று நேரில் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. இங்கே சொல்லிவிட்டேன்.

உங்கள் வீட்டுப் பத்திரிகையில் எப்படி?