அஷ்டமியில் ஒரு கண் ஆபரேஷன்

கண்புரை ஆபரேஷனுக்குக் காத்திருப்பவர்கள் எங்கள் ஆஸ்பத்திரியில் அதிகம். அதைக் குறைக்க, புதிதாக வந்த டாக்டரம்மா ஒரு ஏற்பாடு செய்தார். யாராவது வரவில்லை என்றால், பட்டியலில் அடுத்தவரைப் போனில் கூப்பிட வேண்டும். அந்த வேலை வார்டு உதவியாளனான எனக்கு வந்தது. ஐந்தாவதோடு படிப்பை விட்டவன் நான். முகம் தெரியாதவர்களிடம் பேச எனக்கு எப்போதும் கூச்சம்.

முதல் நாளே, மறுநாள் அஷ்டமி என்று ஒருவர் வர மறுத்துவிட்டார். அடுத்து, மாங்காட்டு அம்மா ஒருவரைக் கூப்பிட்டேன்.

"அஷ்டமில யாராச்சும் கண்ணுல கத்தி வெப்பாங்களா நைனா? உங்க ஊட்ல காலண்டரு இல்லியா?"

மன்னிப்புக் கேட்டுப் போனை வைத்துவிட்டேன்.

அதற்கும் அடுத்தவர் குமணன்சாவடி தையல்கடை பாய். ஊசியில் நூல் கோக்க முடியாமல் கடையையே மூடி வைத்திருந்தார். பயத்தில் நானே, "நாளைக்கு அஷ்டமி பாய், பரவாயில்லையா?" என்று கேட்டுவிட்டேன்.

"எனக்கு இன்னா அஷ்டமி அண்ணாத்தே? இதோ கெளம்பிகினே கீறேன்."

"காலைல வந்தா போதும் பாய்."

"அதுக்குள்ள வேற யாரையாச்சும் கூப்ட்டுடுவே."

சொன்னபடி அன்று மாலையே தலையணையோடு வந்துவிட்டார். காலையில் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது.

மறுநாள் டாக்டரம்மா கட்டை அவிழ்த்து, "என்ன தெரியுது பாய்?" என்று கேட்டார். பாய் பக்கத்தில் நின்ற என்னை மெதுவாகப் பார்த்தார்.

"இவரு காலர் தையல் கோணலா கீது" என்றார். "யார்கிட்ட தெச்சே அண்ணாத்தே? கடையைத் தொறந்ததும் எடுத்துகினு வா, பிரிச்சித் தெச்சித் தரேன்."