நடக்காத காலும் சுடாத காலும்

அம்மாவின் தம்பியை ஊர் மொத்தமும் நடிகன் என்று முடிவு கட்டியிருந்தது. ஆட்சி மாறியதும் கூலி ஏறிவிடும் என்று நம்பியிருந்தவர்கள் ஏமாந்துபோய், பண்ணையார் வெளியூர் ஆட்களை அறுப்புக்கு இறக்கிய வருடம் அது. வரப்பில் நடந்த தள்ளுமுள்ளில் யாரோ மாமாவின் முதுகில் கத்தியைச் செருகிவிட்டார்கள். காயம் ஆறிவிட்டது. இடது கால் மட்டும் எழவில்லை.

பண்ணையாரின் காரியஸ்தர் நலம் விசாரிக்கிற சாக்கில் வந்து, நாலு பேர் பார்க்க அந்த இடது காலை நறுக்கென்று கிள்ளினார். மாமா அலறிவிட்டார்.

“வெளங்காத காலு கத்துமாய்யா? கேசு போடணும்னே படுத்துக்கிட்டான்.”

எங்கள் ஆட்களே சிரித்துவிட்டார்கள். சாட்சி சொல்வதாக இருந்தவர்கள் அதன்பிறகு எங்கள் தெருப்பக்கமே வரவில்லை. மாமாவோ ஆளில்லாத நேரத்தில் இடது காலை இரண்டு கையாலும் தூக்கி வைத்து, “ஏய், நட” என்று அதட்டுவார். எனக்கு அது நல்ல வேடிக்கை.

ஒருநாள் அம்மா சோறு வடிக்கும்போது கைதவறி, கொதிகஞ்சி அவருடைய வலது காலில், நல்ல காலில், கொட்டியது. அம்மாதான் கத்தினாள். மாமா பேசிக்கொண்டிருந்ததை நிறுத்தவே இல்லை. கொப்புளம் கிளம்பியதைக் காட்டிய பிறகுதான் குனிந்து பார்த்தார்.

அப்பாவுக்குக் கோபம் தலைக்கேறியது.

“நடக்காத காலு வலிக்குதுங்கிறான், நடக்குற காலு சுடலைங்கிறான். பொய்யக்கூட ஒழுங்கா சொல்லத் தெரியலையே உன் தம்பிக்கு!”

புண் சீழ் பிடித்ததால் தஞ்சாவூர் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனோம். இளவயது டாக்டர் ஒருவர் குண்டூசியால் குத்தியும், சுடுதண்ணீர்க் குப்பியை வைத்தும் இரண்டு கால்களையும் சோதித்தார். மாமாவைக் கண்ணை மூடச் சொல்லி, இடது கட்டைவிரலை மேலும் கீழும் அசைத்தார். விரல் எந்தப் பக்கம் போகிறது என்று மாமாவால் சொல்ல முடியவில்லை.

முதுகுத்தண்டுக்குள் ஓடும் தண்டுவடத்தில் இடது பாதி வெட்டுப்பட்டிருக்கிறது என்றார் டாக்டர். காலை அசைக்கிற நரம்பும், விரல் எந்தப் பக்கம் போகிறது என்று சொல்கிற நரம்பும் காலின் அதே பக்கமாகவே ஓடுகின்றனவாம். வலியையும் சூட்டையும் மேலே கொண்டுபோகிற நரம்போ, ஒரு வாய்க்கால் இன்னொன்றின் அடியில் குழாய் வழியே கடந்து எதிர்க்கரைக்குப் போகிறதே, அந்த மாதிரி, உள்ளே நுழைந்த கொஞ்ச தூரத்திலேயே பக்கம் மாறி ஏறுகிறதாம். அதனால் இடது கால் நடக்காது, ஆனால் கிள்ளினால் வலிக்கும்; வலது கால் நடக்கும், ஆனால் சுடாது.

“இத யாராலயும் நடிக்க முடியாதுங்க” என்றார்.

அப்பாவின் முகம் மலர்ந்துவிட்டது. கால் சரியாகுமா என்று கேட்கக்கூட அவருக்குத் தோன்றவில்லை. மாமா டாக்டரின் கையைப் பிடித்துக்கொண்டார்.

“அப்ப நான் நடிக்கலைங்களா?”

டாக்டர் சிரித்தார். அப்பா சிரித்தார். மாமா ஏதோ வேடிக்கையாகச் சொல்கிறார் என்று நானும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தேன். அவர் மட்டும் பதிலுக்காகக் காத்திருந்தார்.